மெலிவு வேறு, நலம் வேறு

‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்பது தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் மனனம் செய்த பழமொழி. தேர்வுக்காகப் படித்த பலவற்றை மறந்துவிட்டோம், இதை மறக்கவில்லை. ஆயினும் இன்று நம் விடுதிகளில் வேறொரு மொழி உலவுகிறது. ‘மெலிந்த உடலே குறைவற்ற அழகு’ என்பதே அது. இதை எந்த ஆசிரியரும் நமக்குக் கற்பிக்கவில்லை. விளம்பரப் பலகையும் திரைப்படமும் கைப்பேசித் திரையும் நாள்தோறும் காதில் ஓதி ஓதி, நாமே அறியாமல் மனனமாகிவிட்டது.

நான் மருந்தியல் துறையில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி. அதனாலேயே விடுதியில் என் அறைக்கதவு அடிக்கடி தட்டப்படுகிறது. “அக்கா, இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா? ‘பதினாலு நாள்ல பத்து கிலோ’ன்னு போட்டிருக்காங்க” என்று ஒரு பொட்டலத்தை நீட்டுவார்கள். சில பொட்டலங்களில் சீன எழுத்துகள் இருக்கும். சிலவற்றில் தாய்லாந்து எழுத்துகள் இருக்கும். பெரும்பாலானவற்றில் ‘நூறு விழுக்காடு இயற்கை மூலிகை’ என்ற வாசகம் தவறாமல் இருக்கும். கேட்பவர்களில் பலர் உண்மையில் பருமனானவர்களே அல்லர்.

மாணவ நண்பர்களே, இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது ஒன்றுதான். மெலிவது வேறு, நலம் பெறுவது வேறு. ஊடகம் கேட்பது தோற்றத்தை. மாத்திரை விற்பது தராசு காட்டும் எண்ணை. நம் உடலுக்கு வேண்டியது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நம் பணமும் சில வேளைகளில் நம் உயிரும் தப்பும்.

அழகின் அளவுகோல் யார் கையில்?

அழகுக்கு நிலையான அளவுகோல் உண்டா? தமிழ்த் திரையுலகையே எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டுகளில் ரசிகர்கள் கொண்டாடிய நடிகை குஷ்பு பூசினாற்போன்ற உடல்வாகு கொண்டவர். தமிழ்நாட்டு உணவகங்களில் மென்மையாக உப்பியிருக்கும் இட்லிக்கு ‘குஷ்பு இட்லி’ என்றே பெயர் வைத்தார்கள். அதே திரையுலகை ஒட்டிய இந்தி உலகில், 2008இல் வெளிவந்த ‘தஷன்’ படத்திற்காகக் கரீனா கபூர் மெலிந்தபோது ‘சைஸ் ஜீரோ’ என்ற சொல் இந்தியா முழுவதும் பரவி, நம் கோலாலம்பூர் வரை வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் அளவுகோல் தலைகீழாகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்திற்குள் மனிதனின் கல்லீரலோ இதயமோ எலும்போ சிறிதும் மாறவில்லை.

ஊடகம் உண்மையிலேயே இவ்வளவு வலிமையுடையதா என்று ஐயுறுவோர்க்கு ஃபிஜித் தீவுகளில் நடந்த ஆய்வு விடை தருகிறது. அங்கே நத்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. அதுவரை வாட்டசாட்டமான உடலே அம்மக்களிடையே மதிப்புப் பெற்றிருந்தது. ‘நீ மெலிந்துவிட்டாய்’ என்பது அங்கே பாராட்டன்று. பரிவோடு விசாரிக்கும் சொல். அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் 1995இலும் மூன்று ஆண்டுகள் கழித்து 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். உணவுப் பழக்கக் கோளாறைச் சுட்டும் மதிப்பெண் பெற்றோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காட்டினரிடம் இருந்தது. மூன்றே ஆண்டுத் தொலைக்காட்சி செய்த வேலை இது. நாம் கையில் வைத்திருப்பதோ எந்நேரமும் அணையாத திரை.

அத்திரையில் நாம் காணும் உடல்கள் பலவும் உள்ளபடி இருப்பவை அல்ல. இடையை ஒடுக்கவும் தாடையைக் கூர்மையாக்கவும் ஒரு விரல் தொடுதல் போதும். இதன் தீங்கை உணர்ந்தே பிரான்சு நாடு, மாடல்களின் உடல் வடிவத்தைக் கணினியில் திருத்திய விளம்பரப் படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும் என 2017இல் விதி கொண்டு வந்தது. நம் கைப்பேசிக்கு வரும் படங்களில் அத்தகைய குறிப்பு எதுவும் இருப்பதில்லை. ஆகவே அக்குறிப்பை நாமே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

‘பதினான்கு நாளில் பத்து கிலோ’ என்னும் விளம்பரத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுக் கணிதமே போதும்.

உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. அப்படியானால் பத்து கிலோ கொழுப்பைக் கரைக்க 77,000 கலோரி செலவாக வேண்டும். பதினான்கு நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 5,500 கலோரி. ஆனால் நம்மைப் போல் வகுப்பறையில் அமர்ந்து படிக்கும் ஒரு பெண் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றல் சுமார் 2,000 கலோரிதான். அவள் பதினான்கு நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினி கிடந்தாலும் 28,000 கலோரி கணக்காகும். அதாவது மூன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டும். சோறு தின்று, மாத்திரையும் தின்று, பத்து கிலோ கொழுப்பு எப்படிக் கரையும்?

பின் தராசு முள் எப்படி இறங்குகிறது? நம் ஈரலும் தசையும் ‘கிளைகோஜன்’ என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். உணவைத் திடீரென்று குறைத்தால் முதல் வாரத்தில் இந்தச் சேமிப்புத்தான் காலியாகிறது. நீரும் கூடவே வெளியேறுகிறது. எனவே தராசு இரண்டு மூன்று கிலோ இறங்கும். பழையபடி சாப்பிட்டதும் அந்த எடை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இழந்தது கொழுப்பன்று, பெரும்பாலும் தண்ணீர். பட்டினி நீடித்தால் தசையும் சேர்ந்து கரைகிறது. தசை குறைந்த உடல் முன்பைவிடக் குறைவான ஆற்றலையே செலவிடும். ஆகவே எடை திரும்பும்போது கொழுப்பாகவே திரும்புகிறது.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

எடைக் குறைப்பு என்ற பெயரில் முறையின்றி விற்கப்படும் பொருள்களைச் சில வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பேதி மருந்துகளும் சிறுநீர் பெருக்கிகளும். ‘டிடாக்ஸ் தேநீர்’ பலவற்றில் இருக்கும் நிலாவரை இலை ஒரு பேதி மருந்து. அது பெருங்குடலில் வேலை செய்கிறது. உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். எனவே வெளியேறுவது நீரும் உப்பும்தான். உடலில் பொட்டாசியம் அளவு மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இரண்டாம் வகை, பசியை அடக்கும் இரசாயனங்கள். இவற்றுள் அதிகம் பிடிபடுவது சிபுட்ராமின். இது ஒரு காலத்தில் மருத்துவர் எழுதித் தந்த மருந்துதான். இதய நோய்க்கான அபாயம் மிகுந்த ஏறத்தாழ 9,800 பேரிடம் நடத்தப்பட்ட பேராய்வில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை நேரும் வாய்ப்பு இம்மருந்தை உண்டவர்களுக்கு 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2010இல் அது பல நாடுகளின் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. மருந்துக் கடையிலிருந்து வெளியேறிய அந்தப் பொருள், இன்று பெயர் சொல்லாமல் ‘மூலிகைக் காப்பி’ பொட்டலத்திற்குள் நுழைந்திருக்கிறது. அதற்கு முன்பு இதே பாதையில் வந்தது ஃபென்ஃப்ளூரமின். இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று கண்டு 1997இல் அமெரிக்காவில் எடைக் குறைப்புச் சந்தையிலிருந்து அதை அகற்றினார்கள்.

மூன்றாம் வகை, உடலின் எரிப்பு வேகத்தைக் கூட்டுபவை. தைராய்டு சுரப்பு நீர் கலந்த மாத்திரைகள் கொழுப்போடு தசையையும் கரைக்கும். இதயத்தை ஓயாமல் ஓட வைக்கும். இவ்வகையில் மிகக் கொடியது டி.என்.பி. என்னும் இரசாயனம். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இதை எடைக் குறைப்பு மருந்தாகத் தந்தார்கள். எடை குறைந்தது, கூடவே கண்புரை வந்தது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தனர். 1938இல் அது மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்கப்பட்டது. இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது.

இந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. வேகமாக எடை குறைகிறது என்றால் அது மாத்திரையின் பெருமையன்று. உடலில் ஏதோ ஒன்று கெடுகிறது என்பதற்கான முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

2002: சிங்கப்பூர் தந்த பாடம்

நம் வட்டாரத்தில் இதை உணர்த்திய நிகழ்ச்சி 2002இல் சிங்கப்பூரில் நடந்தது. ‘ஸ்லிம் 10’ என்ற மாத்திரை சீனப் பாரம்பரிய மருந்தாக விற்பனைக்கு வந்தது. சிங்கப்பூரின் தொலைக்காட்சிக் கலைஞர் ஆண்ட்ரியா டி குரூஸ் அதை உண்டார். தொலைக்காட்சியில் தோன்றும் ஒருவருக்குத் தோற்றத்தைப் பற்றிய நெருக்குதல் எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில மாதங்களில் அவருடைய கல்லீரல் செயலிழந்தது. வருங்காலக் கணவரும் நடிகருமான பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாகத் தந்ததால் அவர் உயிர் பிழைத்தார். இதே மாத்திரையோடு தொடர்புபடுத்தப்பட்ட கல்லீரல் பாதிப்பால் அவ்வாண்டில் சிங்கப்பூரில் இன்னொரு பெண்மணி உயிரிழந்தார்.

சுகாதார அறிவியல் ஆணையம் மாத்திரையைச் சோதித்தபோது, மேலட்டையில் இல்லாத பொருள்கள் உள்ளே இருந்தன. ஃபென்ஃப்ளூரமின், அதிலிருந்து உருமாற்றிய நைட்ரோசோ ஃபென்ஃப்ளூரமின், தைராய்டுப் பொருள் ஆகியவை அவற்றுள் அடங்கும். மாத்திரைக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானிலும் இதே இரசாயனம் கலந்த சீன எடைக் குறைப்புப் பொருள்களால் பலர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். ஆண்ட்ரியா தொடுத்த வழக்கில் 2003இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. விற்பனை நிறுவனத்தின் மேல்முறையீடு 2004இல் தள்ளுபடியானது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் அம்மாத்திரையை இருட்டுச் சந்தில் வாங்கவில்லை என்பதே. தெரிந்தவர் வழியாகவே வாங்கினார். நம் விடுதிகளிலும் இப்படித்தான் விற்பனை நடக்கிறது. அறைத்தோழி வாங்குவாள், அவள் சொல்லி அடுத்த அறை வாங்கும், நான்கு பேர் சேர்ந்தால் தள்ளுபடி என்பார்கள். நட்பின் மேலுள்ள நம்பிக்கை பொட்டலத்தின் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

நம் விடுதியிலும் நடந்தது

சென்ற ஆண்டு எங்கள் கலை நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, நடனக் குழுவிலிருந்த இளைய மாணவி ஒருத்தி எடைக் குறைப்புக் காப்பி ஒன்றைக் குடிக்கத் தொடங்கினாள். அவள் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். மூன்று வாரத்தில் 62 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கினாள். குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். ஒருநாள் இரவு அவளே என்னிடம் வந்தாள். “அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாலு நாளா தூக்கமே வரல. வாய் காஞ்சு போகுது” என்றாள். கைநாடியைப் பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவளுக்கு நிமிடத்திற்கு 118 துடிப்பு. உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றோம். இருபது வயதுப் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் 150ஐத் தாண்டியிருந்தது. மருத்துவர் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார். இவ்வறிகுறிகள் சிபுட்ராமினை ஒத்திருப்பதாகச் சொல்லி, காப்பியை அன்றே நிறுத்தச் சொன்னார். மீதிப் பொட்டலங்களைச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் ஒப்படைக்கவும் அறிவுறுத்தினார்.

ஒரு வாரத்தில் படபடப்பு நின்றது. இரண்டு மாதத்தில் எடை 63 கிலோவுக்குத் திரும்பியது. அவள் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “அஞ்சு கிலோ குறைஞ்சப்ப எல்லாரும் கேட்டாங்க, எப்படி குறைச்சேன்னு. ஒருத்தரும் கேக்கல, நல்லா இருக்கியான்னு.” நம் எல்லாரையும் நோக்கிய கேள்வி அது.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்து, பாரம்பரிய மருந்து, ஊட்டச்சத்து மாத்திரை ஆகிய எல்லாவற்றின் மேலும் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். கூடவே சுகாதார அமைச்சின் ஒளிப்பட ஒட்டுவில்லையும் இருக்கும். பதிவெண்ணின் கடைசி எழுத்து ‘டி’ என்றால் அது பாரம்பரிய மருந்து. அவ்வெண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்து, பொருளின் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வேண்டும். போலி எண் அச்சிடுவோரும் உண்டு. ‘இது மருந்தன்று, காப்பி’ என்று சொல்லிப் பதிவெண்ணே இல்லாமல் விற்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. காப்பி என்றால் காப்பியாகவே இருக்கட்டும். அது ஏன் பசியை அடக்க வேண்டும்? சிங்கப்பூரில் உள்ள நண்பர்கள் சுகாதார அறிவியல் ஆணையம் வெளியிடும் எச்சரிக்கை அறிவிப்புகளைப் பார்க்கலாம்.

முறையான மருந்துகள் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் அவை அழகுக்காக அல்ல. ஓர்லிஸ்டாட் என்னும் மருந்து உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடல் ஏற்காமல் தடுக்கிறது. ஏற்காத கொழுப்பு எண்ணெய்ப் பசையோடு மலத்தில் வெளியேறும். எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டு இதை விழுங்கியவர்கள் அதன் சங்கடத்தை மறக்க மாட்டார்கள்.

அண்மையில் எல்லாரும் பேசும் மருந்து செமாக்ளுடைட். நீரிழிவுக்காகத் தோன்றிய இந்த ஊசி, 2021இல் அமெரிக்காவில் உடல் பருமனுக்கும் ஒப்புதல் பெற்றது. வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டு, உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியோர் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தனர். உடல் பருமனால் நோயுற்றவர்களுக்கு இது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு காட்டுகிறது. இது மருத்துவர் கண்காணிப்பில் நீண்ட காலம் எடுக்க வேண்டிய மருந்து. விருந்துக்கு முன்பு போட்டுக்கொள்ளும் ஊசியன்று. போலி செமாக்ளுடைட் ஊசிகள் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்ததையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் உடலின் தனித்தன்மை

இவ்வளவும் சொன்னதால், ‘எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம்’ என்று யாரும் பொருள் கொள்ளக்கூடாது. 2023இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். நம் இந்தியச் சமுதாயத்தில் இனிப்புநீர் இல்லாத குடும்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு ஓர் உடலியல் காரணம் உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நம்மவர்க்குத் தசை குறைவு; வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். எனவேதான் ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதே இக்குறியீட்டெண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 47 கிலோ முதல் 59 கிலோ வரை ஏற்ற எடைதான். 54 கிலோவில் இருந்துகொண்டு 45 ஆக வேண்டும் என்று மாத்திரை தேடுபவர், நலத்திலிருந்து நலக்கேட்டை நோக்கி நடக்கிறார்.

எண்ணைவிட இடுப்பளவு இன்னும் தெளிவாகப் பேசும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம்மவர்க்கான எல்லை. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பவர்கள் நம்மிடையே பலர். ‘நான் ஒல்லிதானே’ என்று அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். மெலிவும் நலமும் ஒன்றல்ல என்பதற்கு அவர்களும் ஒரு சான்று.

இதைவிட வலுவான சான்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீர் வரும் நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் 55 விழுக்காட்டினர்க்கு மூன்றாண்டுக்குள் இனிப்புநீர் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39 விழுக்காட்டினர்க்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அப்படி ஒழுங்குபடுத்தியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை! தராசு அசையவில்லை, ஆனால் நோய் தள்ளிப்போனது. அவர்கள் வாரந்தோறும் தராசை மட்டும் பார்த்திருந்தால், ‘பயனில்லை’ என்று நடையை விட்டிருப்பார்கள்.

நலமாக எடை குறைப்பது எப்படி?

எடை குறைய வேண்டியவர்கள் வாரத்திற்கு அரைக் கிலோ என்ற அளவை இலக்காகக் கொள்ளலாம். 80 கிலோ உள்ளவர் நான்கு முதல் எட்டு கிலோ, அதாவது ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் சீராகத் தொடங்கும். அதற்கு மாணவர் வாழ்க்கையிலேயே செய்யக்கூடியவை சில:

முதலாவது, குடிப்பதைக் கவனியுங்கள். ஒரு குவளை தே தாரிக்கில் சுமார் 180 கலோரி உண்டு. அதைச் செலவிட அரைமணி நேரத்திற்குக் குறையாமல் வேகமாக நடக்க வேண்டும். நாளுக்கு மூன்று குவளை குடிப்பவர், அதைச் சர்க்கரையில்லாத் தேநீராக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. மாமாக் கடையில் ‘கோசோங்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, தட்டைப் பிரியுங்கள். நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை எளிமையானது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும். வாழையிலைச் சாப்பாட்டில் சோற்றைச் சுருக்கிக் கூட்டையும் கீரையையும் கூட்டினால் நம் உணவே இம்முறைக்குப் பொருந்திவிடும். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரும்பாலும் பேசுவது உணவின் அளவைப் பற்றித்தான் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

மூன்றாவது, நடங்கள். வாரத்திற்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம். விடுதியிலிருந்து புலத்திற்குப் பேருந்தை விட்டு நடந்தாலே கணக்கு நேராகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்யுங்கள்; எடை குறையும்போது தசை கரையாமல் காக்கும்.

நான்காவது, உறங்குங்கள். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ கூடும். போதும் என்று சொல்லும் ‘லெப்டின்’ குறையும். தேர்வுக்காலத்தில் நள்ளிரவு மேகி மீ அழைப்பது இதனால்தான்.

ஐந்தாவது, உதவி கேளுங்கள். உண்டபின் குற்ற உணர்வு, மறைவாக வாந்தி எடுத்தல், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவை உங்களிடமோ தோழியிடமோ தெரிந்தால் அதை ‘டயட்’ என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அது நோய், சிகிச்சை உள்ள நோய். பல்கலைக்கழகச் சுகாதார மையத்தையும் ஆலோசகரையும் நாடுங்கள்.

நம் வாய்ச்சொல்லும் ஓர் ஊடகமே

ஊடகத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் திருமண வீட்டில் ‘என்னம்மா, இப்படிக் குண்டாயிட்ட!’ என்பதும், கலைநிகழ்ச்சி நாடகத்தில் பருமனானவரை நகைச்சுவைக்கென்றே நிறுத்துவதும், குழுப்படத்தில் ‘நீ பின்னாடி நில்லு’ என்பதும் நாம்தானே? அனுஷ்கா எடை கூட்டி நடித்து 2015இல் வெளிவந்த ‘இஞ்சி இடுப்பழகி’ படம் எடைக் குறைப்பு மோசடியைச் சாடியது. அப்படத்தைக் கைதட்டிப் பார்த்த நாமே மறுநாள் தோழியின் இடுப்பைப் பற்றிப் பேசினால் என்ன பயன்?

எடை என்பது தலைமுறை, உணவு, உறக்கம், கவலை, வருமானம் எல்லாம் சேர்ந்து எழுதும் கணக்கு. அதை ஒரு மாத்திரை அழித்து எழுதிவிடாது. அடுத்த முறை நண்பர் ஒருவர் மெலிந்து வந்தால், ‘எப்படிக் குறைத்தாய்?’ என்று கேட்பதற்கு முன் ‘நலமா?’ என்று கேட்போம். அவர் பருமனாய் வந்தாலும் அதே கேள்வியையே கேட்போம். பட்டமளிப்பு அங்கி எந்த இடுப்புக்கும் பொருந்தும்படிதான் தைக்கப்பட்டிருக்கிறது. அதை அணிந்து மேடையேறும்போது நம் இதயமும் கல்லீரலும் நலமாக இருக்கட்டும். நலமுடன் கற்போம், நலமுடன் வாழ்வோம்!